மைசூர் மைன்ஸில் பட்டாணி அளவு டப்பா

சகலமானவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: சுரங்கம் மூடி இத்தனை காலம் கழித்து, கோலார் தங்கவயலின் மானம் மறுபடியும் உலக அரங்கில் நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர் ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் வசிக்கும் திருவாளர் எழிலன், தினமும் ரயிலில் பெங்களூர் போய் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர். நிறுத்திய இடம், அதே ஊரின் மைசூர் மைன்ஸ் பகுதியில் பூட்டிக் கிடக்கும் பழைய ஷாஃப்ட் எனும் சுரங்கக் குழிக்கு முன்னால் உள்ள இரும்புக் கம்பி வேலி.

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு. எவனோ எங்கோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை மட்டும் செயலியில் போட்டுவிடுவான். மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி எடுத்து, உள்ளே சுருட்டி வைத்த தாளில் பெயரெழுதிவிட்டு, டப்பாவைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும்.

“திரும்ப வெச்சிடணுமா?” என்று கேட்டாள் எழிலனின் மனைவி மாயா.

“ஆமா.”

“அதுக்கு எடுக்காமயே வுட்டுடலாமே.”

லட்சியவாதிகள் இதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை.

இந்த முறை ஒளித்து வைத்திருந்தது டப்பாகூட இல்லை. நேனோ என்கிறார்கள். பட்டாணி அளவு உலோகக் குப்பி, அடியில் காந்தம். இரும்பு எங்கே இருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். புதுக் குப்பியின் தாளில் முதல் பெயரை எழுதுகிறவருக்குத்தான் கௌரவம். அந்த கௌரவத்தைத் தட்டிக்கொண்டு போக, கூட வேலை செய்யும் மஞ்சுநாத் ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து காரில் வருவதாகச் சொல்லியிருந்தார். “எங்க ஊரு மண்ல எனக்கு முன்னாடி எவன் கை வெக்கறான்னு பாக்கறேன்” என்று எழிலன் போனில், ரயில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி சவால் விட்டிருந்தார். தோற்றால் திங்கட்கிழமை முதல் வேறு பெட்டியில்தான் ஏற வேண்டும். அந்தப் பெட்டியில் உட்கார இடம் கிடைக்காது.

ஆகவே ஞாயிறு காலை, காபிகூடக் குடிக்காமல் வண்டியில் வேலிக்கு வந்து சேர்ந்தார். போனில் அம்புக்குறி வேலியின் இந்த முனையைக் காட்டியது. இங்கே வந்ததும் அந்த முனையைக் காட்டியது. அங்கே போனதும் ரோட்டுக்கு எதிரே இருந்த கோழிக்கடையைக் காட்டியது. ஆகாயத்தில் அத்தனை செயற்கைக்கோள் சுற்றியும் ஒரு பட்டாணிக்கு வழி சொல்ல முடியவில்லை. எழிலன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியின் அடியிலும் விரலை விட்டுத் தடவினார். சிலந்தி வலை வந்தது. எவனோ வெற்றிலை போட்டுத் துடைத்த சுண்ணாம்பு வந்தது. யாரோ மென்று ஒட்டிய சூயிங்கம்மைப் பார்த்து ஒரு கணம் புளகாங்கிதம் அடைந்து, உடனே தெளிந்தார்.

வெளியாள் யாருக்கும் விஷயம் தெரியக் கூடாது என்பது இந்த விளையாட்டின் விதி. தங்கவயலில் மூடிய ஷாஃப்ட் வாசலில் ஒருவன் குந்திக்கொண்டு மண்ணையும் கம்பியையும் தடவினால் ஊர் என்ன நினைக்கும் என்று, விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை.

முதலில் வந்தவர் பக்கத்து லைன் வீட்டுத் தங்கவேலு. ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, நடைப்பயிற்சியில் இருந்தார்.

“இன்னா எழிலா, இன்னா தேட்ற?”

“சாவி மாமா.”

“வண்டிலயே தொங்குதே.”

“அது வேற சாவி.”

தங்கவேலு நம்பவில்லை. அடுத்து சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்த டெய்சி அக்கா நின்றார். பால்காரர் நின்றார். கோழிக்கடையில் வரிசையில் இருந்தவர்கள் வரிசையோடு இந்தப் பக்கம் வந்தார்கள். “தங்கம் ஆம்ட்டுதாம்” என்று பின்னால் ஒருவர் போனில் சொல்வது எழிலனுக்கே கேட்டது.

கூட்டம் என்று வந்துவிட்டால் தங்கவேலு தலைமை தாங்காமல் இருக்க மாட்டார். கல்யாணமோ கருமாதியோ, அவர் சொல்வது ஒன்றுதான். அன்றும் சொன்னார்: “முப்பது வருசம் கேஜ்ல சொரங்கத்துக்குள்ள எறங்கி ஏறினவன் நானு. ஒரு பொட்டு தங்கம் வெளிய எடுத்தாந்ததில்ல. கேட்ல சட்டைய அவுத்து ஒதறிக் காட்டிட்டு, நெஞ்ச நிமித்திக்கினு வருவேன்.” பிறகு சுரங்கக் கணக்கில் வேலை பிரித்துக் கொடுத்தார். “மேல் கம்பி ஃபர்ஸ்ட் லெவல். நடு கம்பி செகண்ட் லெவல். டெய்சி, நீ செகண்ட் லெவல்.”

“சாவி தேட்றதுக்கு இன்னாத்துக்கு மாமா லெவலு?” என்று கேட்டார் டெய்சி.

“அவன் மூஞ்சப் பாரு. அது சாவி தேட்ற மூஞ்சியா?”

வேறு வழியில்லாமல் எழிலன் தங்கவேலுவின் காதில் ஓதினார். “சின்னதா, உருண்டையா, பட்டாணி கணக்கா இருக்கும் மாமா. ஆம்ட்டா ஏன்ட்ட மட்டும் சொல்லுங்க.”

கொஞ்ச நேரத்தில், வேலிக் கால் ஒன்றின் அடி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த தங்கவேலு மெல்லச் சொன்னார். “எழிலா, ஆம்ட்டுச்சி.”

அந்த நேரம் பார்த்து ஷாஃப்ட் கேட்டிலிருந்து வாட்ச்மேன் விசில் ஊதினார்.

தங்கவேலுவின் கை வாய்க்குப் போனது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. விசில் ஓய்வதற்குள் கை திரும்பி வந்து, விரித்த விரல்களோடு காலியாகத் தொங்கியது. இவ்வளவு சுத்தமான வேலையை அந்த வட்டாரம் பல வருடங்களாகப் பார்த்ததில்லை.

“மாமா, இன்னா பண்ணீங்க?”

“தெர்ல எழிலா. கை தானா பூட்ச்சி.”

“ஒரு பொட்டு எடுக்காத கை” என்றார் டெய்சி.

வாட்ச்மேன் வந்து, கேட்டுக்கு முன்னால் நிற்கும் வண்டியை நகர்த்தச் சொன்னார். அதற்குத்தான் விசிலாம்.

இனி செய்ய வேண்டியது எழிலனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தாள் உள்ளே இருக்கிறது. அதில் முதல் பெயர் இன்னும் எழுதப்படவில்லை. மஞ்சுநாத் எத்தனை காரில் வந்தாலும் அங்கே கை வைக்க முடியாது. தங்கவேலுவை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு, பள்ளம் மேடு பார்த்து, ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். தங்கவேலுவின் வயிற்றில் தங்கம் போகிறது என்று தீர்மானித்த ஜனம், பால்காரர் உட்பட, ஆட்டோக்களில் பின்தொடர்ந்தது. கோழிக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு வந்தார்.

டாக்டர் எக்ஸ்ரேவுக்கு எழுதினார். எழிலன் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“உள்ள ஈரம் எறங்காம இருக்குமா டாக்டர்?”

“யாருக்குள்ளே?”

வராந்தாவில் காத்திருந்தபோது மாயா போன் செய்தாள். எழிலன் விவரம் சொன்னார். மாயா கேட்டாள்.

“அப்ப ஃபர்ஸ்ட் ஆம்ட்டது மாமாவுக்குத்தானே? அவரு பேரத்தானே எழுதணும்?”

எழிலன் போனை வைத்தார். வைத்த கையோடு மஞ்சுநாத்திடமிருந்து புகைப்படத்துடன் செய்தி வந்தது. ‘ரெண்டே நிமிஷம் குரு. கேட்டுப் பக்கம் மூணாவது கம்பிக்கு அடியில. முதல் பேர் என்னுது. சுத்தி ஒரு ஆள்கூட இல்ல, தேட்றதுக்கு வசதியா இருந்தது. உங்க ஊர் ரொம்ப அமைதி.’

எழிலன் எழுந்து நின்று வராந்தாவுக்கே அறிவித்தார். “இது பித்தலாட்டம். வேற டப்பாவ வெச்சி போட்டோ எடுத்துக்கீறான். அசல் டப்பா இங்க கீது.” தங்கவேலுவின் வயிற்றைச் சுட்டிக் காட்டினார்.

“இங்கதான் கீது” என்று தங்கவேலுவும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். கூட்டம் ஆமோதித்தது.

டாக்டர் வெளியே வந்து எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

சைக்கிள் பேரிங் குண்டு.