அக்காவை எடுத்துக்கொண்ட வேட்பாளர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. (முதலில் ‘மக்களாட்சி மீதுள்ள ஆர்வத்தில் பிறந்தது’ என்று எழுதியிருந்தது. பொய் என்பதால் அடித்தாயிற்று.) எழுதுகிறவள் மெல்பேர்னின் மேற்கே, வெரிபீயில் இருக்கும் தர்சினி. ‘நான்’ என்று எழுதினால் வரிக்கு வரி வயிற்றெரிச்சல் தெரியும் என்று தன்னையே ‘தர்சினி’ என்று எழுதிக்கொள்கிறாள். நீங்களும் கண்டுகொள்ளாத மாதிரி வாசியுங்கள்.

விஷயம் இதுதான். வருகிற செவ்வாய்க்கிழமை தர்சினிக்குக் கர்ப்பப்பையை எடுக்கிற ஒப்பரேசன். அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிற யோகா அக்கா வந்து பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர் திடீரென்று திகதியை ஒரு மாதம் முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அதே செவ்வாய் அக்காவின் மாநிலத்தில் வாக்கெடுப்பு. ஜனாதிபதித் தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று கட்சிக்குள்ளேயே மாநிலம் மாநிலமாக நடத்துகிறார்களே, அது. அதில் நிற்கிற ஒரு வேட்பாளருக்காக அக்கா வேலை செய்கிறாள்.

“எட்டு நாள்தானடி இருக்கு அந்த மனுசனுக்கு,” என்றாள் அக்கா. “போன மாநிலம் முடிஞ்சு இது வர எட்டே நாள். எத்தினை ஊர், எத்தினை வீடு! வோட்டு முடிஞ்ச அடுத்த நாளே வெளிக்கிடுறன்.”

“ஒப்பரேசனுக்கு முதல் வாறனெண்டு சொன்னனீயெல்லே, அக்கா.”

“பாலகிருஷ்ணன் லீவு எடுத்திருக்கிறாரெல்லே?”

எடுத்திருக்கிறார். நல்ல மனுசன், கணவர் என்ற முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தர்சினிக்கு வேண்டியது அக்கா.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘பனி கொட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன ஊரில் வேட்பாளரின் கார்...’

பனியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? யன்னலுக்கு வெளியே முப்பத்தெட்டுப் பாகை வெயில் காய்கிறது.

இரண்டாம் முயற்சி: ‘வேட்பாளர் ஒரு கள்ளன்.’

இதை எழுதும்போது சந்தோசமாக இருந்தது. ஆனால் ஆதாரம் இல்லை. அக்கா அனுப்பிய வீடியோவில் ஆள் களைத்துப்போய், மூக்குச் சிவந்து, கையுறையைத் தேடிக்கொண்டு நிற்கிறார். பேர் வேண்டாம், பேர் வைத்தால் இரக்கம் வந்துவிடும்.

மூன்றாம் முயற்சி நிலைத்தது. அதில் அக்காதான் தொடக்கம். தன் ஊரில் வேட்பாளர் போகவேண்டிய வீடுகளுக்கு நேரம் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. வீட்டுக்குப் பதினைந்து நிமிசம். தன் வீட்டையும் பட்டியலில் போட்டிருந்தாள்.*

* தர்சினியின் கதவை இத்தனை வருசத்தில் ஒரு கவுன்சில் வேட்பாளர்கூடத் தட்டவில்லை. தபால்பெட்டியில் துண்டுப்பிரசுரம் மட்டும் விழும். அதுவும் ஒரு எரிச்சல்.

புதன்கிழமை அக்கா போன் எடுத்தாள். ஒப்பரேசனைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று தர்சினி கதிரையை இழுத்துப் போட்டு ஆறுதலாக இருந்தாள்.

“நீ பொரிக்கிற ரோல்ஸுக்கு உள்ளுக்கு வைக்க உருளைக்கிழங்கு எவ்வளவு, இறைச்சி எவ்வளவு? அந்தாளுக்குக் குடுக்கவேணும். கெதியாச் சொல்லு, பத்து நிமிசம்தான் இருக்கு.”

அவருக்குப் பதினைந்து, எனக்குப் பத்து. (‘எனக்கு’ என்று வந்துவிட்டது. பிறகு திருத்தலாம்.) தர்சினி அளவு சொன்னாள். ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை. மாற்றிச் சொல்ல நினைத்தது உண்மை.

3

வியாழன் பின்னேரம் கதை தானாக ஓடியது. அதில் தர்சினியின் திட்டம் இலேசானது. வேட்பாளர் தோற்கவேண்டும், அதுவும் அக்காவின் கையால். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. அக்கா தட்டை நீட்டுகிறாள். அவர் ஒரு ரோல்ஸ் எடுக்கிறார், “இன்னொண்டு” என்கிறாள், அதற்குள் தேத்தண்ணி வருகிறது. பதினைந்து நிமிசம் ஐம்பது ஆகிறது. அடுத்த ஊர் மண்டபத்தில் காத்திருந்த சனம் குளிரில் வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்த ஒரு ஊரால் தோல்வி நிச்சயமாகி, அவர் செவ்வாய்க்கு முதலே போட்டியிலிருந்து விலகுகிறார், அக்கா விமானம் ஏறுகிறாள்.

எழுத எழுத நெஞ்சு குளிர்ந்தது. ஒரு இடத்தில் மட்டும் பிசகியது. மூன்றாவது ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வேட்பாளர், “உங்களுக்குச் சகோதரங்கள் இருக்கா?” என்று கேட்டுவிட்டார். அவரை யார் கேட்கச் சொன்னது? அக்கா பதில் சொல்லத் தொடங்கினாள்:

“ஒரு தங்கச்சி இருக்கிறாள், அவுஸ்திரேலியாவில. அவள்

அதற்கு மேல் எழுத வரவில்லை. அக்கா தன்னைப் பற்றி வெளியாட்களிடம் என்ன சொல்லுவாள் என்று தர்சினிக்குத் தெரியாது.

4

சனிக்கிழமை காலை, அங்கே வெள்ளி பின்னேரம், அக்கா எடுத்தாள்.

“வந்தவரடி. ஒம்பது நிமிசம். ஒரு ரோல்ஸைக்கூடத் தொடேல்லை. படம் எடுத்தார், என்ர பேரைப் பிழையாச் சொன்னார், போயிட்டார்.”

தர்சினிக்கு முதலில் வந்தது சந்தோசம். அதற்குப் பின்னால் கோபம் வந்தது: என் அக்காவின் கையால் சாப்பிட மாட்டானா அவன்?

“நாளைக்கு வெளிக்கிட்டா திங்கள் அங்க நிப்பன்,” என்றாள் அக்கா. “வரட்டே? சொல்லடி.”

“யோசிச்சுச் சொல்லுறன்,” என்று வைத்துவிட்டுத் தர்சினி இந்தத் தாளுக்கு முன்னால் வந்து குந்தினாள். அங்கே ஒருத்தி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

முடிவு அ: “வேண்டாம் அக்கா, தொடங்கினதை முடிச்சிட்டு வா.” இதைச் சொல்லுகிற தர்சினி மிகவும் நல்லவள். எழுதுகிறவள் அவ்வளவு நல்லவள் இல்லை. வெட்டியாயிற்று.

முடிவு ஆ: “வா.” அக்கா வருகிறாள். ஒப்பரேசன் முடிந்த அடுத்த நாள், புதன் மத்தியானம், கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அந்த நேரம் அங்கே செவ்வாய் இரவு, வாக்கு எண்ணுகிறார்கள். அக்காவின் கண் போனில். “நோகுதோ?” என்று கேட்கிறாள், கண்ணை எடுக்காமல். தர்சினி அந்தக் காட்சியை நான்கு முறை எழுதினாள். போனைப் பிடுங்கிப் பார்த்தாள், சார்ஜ் இல்லாமல் செய்து பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அப்போதும் அக்கா யன்னலைத்தான் பார்க்கிறாள். தான் எழுதுகிற கதையிலேயே அக்காவைத் தன் பக்கம் திருப்ப அவளால் முடியவில்லை.

முடிவு இ: இல்லை.

வாசகரே, உங்களுக்கு யோகாவைத் தெரியாது. உங்களோடு அவள் கோபித்ததும் இல்லை, நீங்கள் அவளுக்காகக் காத்திருந்ததும் இல்லை. ஆகவே உங்களால் ஒருவேளை முடியும். அந்த வார்டில், அந்தக் கதிரையில் அவள் இருக்கிறாள். ஒரு வசனம் எழுதுங்கள். அவள் போனை விட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள். நான் “வா” என்று சொல்லிவிடுகிறேன்.