மூன்றாம் மாடியில் ஓடிய ஆறு

பயணத் திட்டம் ஏழாவது ஆண்டில் நுழைந்த வாரம், மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஆறு ஓடத் தொடங்கியது. கணுக்கால் ஆழம், தெளிந்த தண்ணீர். சமையலறைப் பக்கமிருந்து வந்து கூடத்துச் சுவருக்குள் போய் மறைந்தது. கீழ்வீட்டுக் கூரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாததால் யாரும் புகார் சொல்லவில்லை. வீட்டுக்காரர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, கொசுவலைகளை ஒப்பிட்டு எழுதிவந்த பட்டியலின் பதினோராம் பக்கத்தைத் தொடர்ந்தார்.

அவர் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனமொன்றில், எந்தக் கட்டடத்துக்கு எந்த மெக்கானிக் என்றைக்குப் போவது என்று அட்டவணை போடுகிறவர். நகரத்து லிஃப்ட்டுகள் பாதி வழியில் நின்றாலும் நிற்கும், அவருடைய அட்டவணை நின்றதில்லை. மனைவி பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்கிறவள். ஜன்னலில்லாத அந்த அறையில் அரவை இயந்திரம் பதினெட்டு வருஷம் காதருகே கீச்சிட்டதில் அவளுக்கு வலக்காது போயேவிட்டது. இடக்காதும் இன்னும் ஏழெட்டு வருஷம் தாங்கினால் பெரிசு என்று மருத்துவர் சொன்னார். அன்றைக்குத் திரும்பி வரும்போது பேருந்தில் அவள் கணவனிடம் கேட்டது ஒன்றுதான். “கேக்குற காலத்துலயே ஆத்தங்கரையில டென்ட் போட்டுப் படுக்கணுங்க. தண்ணி ஓடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே தூங்கணும். ஒரே ஒரு நாள் போதும்.” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை. “பிரமாதமா பண்ணிடலாம்” என்றார். காரியம் கெட்டது அந்தப் பிரமாதத்தில்தான்.

முதல் இரண்டு வருஷம் இடம் தேடுவதில் போயிற்று. காட்டை ஒட்டிய ஆற்றங்கரை முகாம்கள் நாற்பத்திரண்டைக் கண்டுபிடித்து, நிழல், மண், கழிப்பறைத் தூரம் என்று தனித்தனியே மதிப்பெண் போட்டார். மூன்றாம் வருஷம் மைத்துனன் உள்ளே புகுந்தான். கூடாரமும் தூங்குபையும் விற்கும் கடையில் வேலை செய்கிறவன் அவன். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் வெளியில் படுத்ததில்லை என்பதால் அவனுக்கு அந்த விஷயத்தில் உறுதியான கருத்துகள் இருந்தன. போனால் பழைய கோட்டை இருக்கிற பூங்காவுக்குத்தான் போகவேண்டும் என்றான். “ஆறு எங்க வேணா ஓடும் மாமா. கோட்டை அப்படியா? முந்நூறு வருஷச் சரித்திரம்!” “சரித்திரத்துல குளிக்க முடியுமாடா?” என்று மாமா கேட்டார். இந்த வாக்குவாதம் மூன்று வருஷம், ஞாயிறு தவறாமல் நடந்தது. ஒருமுறை ஓட்டுகூட எடுத்தார்கள். மகள் சின்னப்பிள்ளை என்று விட்டுவிட்டார்கள். மனைவி அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை. ஆறாம் வருஷம் நிஜமாகவே ஓரிடத்தில் முன்பதிவு செய்து, லேசான மழைக்கு வாய்ப்பிருப்பதாக வானிலை அறிக்கை சொன்னதும் ரத்து செய்தார்கள்.

ஆகவே ஆறு தானே வந்தது. மனைவி மேசையருகே நாற்காலியில் உட்கார்ந்து, பாதங்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, இடக்காதைச் சாய்த்து வெகுநேரம் கேட்டாள். பிறகு, “என்னங்க, ஆறுதான் வந்துடுச்சே. இங்கயே டென்ட் போட்டுடலாமே” என்றாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இது நம்ம லிஸ்ட்டுல இல்லாத ஆறும்மா. கரை எப்படி, மண்ணு எப்படின்னு ஒண்ணும் தெரியாது. அவசரப்படக் கூடாது.”

எட்டாம் வருஷம் ஆறு இடுப்பளவு ஆழமாயிற்று. கூடத்துச் சுவர் விலகிக்கொள்ள, அந்தப் பக்கம் கரையும் கரைமேல் அடர்ந்த மரங்களும் தெரிந்தன. தன் கட்சி தோற்றதாக மைத்துனன் பத்து நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தான். பதினோராம் நாள் மரங்களுக்குப் பின்னால் பாதி இடிந்த கோட்டை ஒன்று எழும்பி நின்றது. அவன் சரித்திரத்துக்குச் செலுத்திய முதல் மரியாதை, ஓடிப்போய் அதன் சுவரில் சாவியால் தன் பெயரைக் கீறியதுதான். அந்தக் கீறல் சத்தத்தைக் கேட்டோ என்னவோ, செத்து இருநூற்று நாற்பது வருஷமான காவலாளி ஒருவன் ஈட்டியோடு இறங்கி வந்து, இக்கரையில் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அக்கரை போக அனுமதிச் சீட்டு கேட்கலானான். மகளையும் மனைவியையும் அவன் கேட்கவில்லை. கேட்பதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். ஒரு சனிக்கிழமை முற்பகல், அடுப்புக்கு விறகா கேஸா என்று ஆண்கள் இருவரும் மும்முரமாக இருந்தபோது, மைத்துனன் கடையிலிருந்து மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த கூடாரத்தை மகள் தலையில் வைத்துக்கொண்டாள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நாற்பது நிமிஷத்தில், ஒரு கம்பி மட்டும் தலைகீழாக, கூடாரம் நின்றுவிட்டது. மத்தியானம் மனைவி இடக்காதைத் தண்ணீர்ப் பக்கமாக வைத்துப் படுத்து, சாயங்காலம்வரை தூங்கினாள்.

அதன்பின் அவள் அங்கேயே இருந்தாள். காலையில் நனைந்து வந்து, உடை மாற்றி வேலைக்குப் போனாள். வீட்டுக்காரர் தினமும் பயணத் திட்டக் கோப்பைத் தூக்கிக்கொண்டு காவலாளியிடம் போனார். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று. காவலாளி ஒவ்வொரு தாளாகப் படித்து, எல்லாம் சரியாகவே இருக்கிறது, ஆனால் இன்னொரு நகல் வேண்டும் என்பான். அவருக்கு அதில் மனம் குளிரும். பதினொரு மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் அவர் இக்கரையிலிருந்து, கூடாரத்தின் வாசல் காற்றுக்கு எதிராக இருப்பதாக மனைவியிடம் கத்தினார். அவள் திரும்பவில்லை. கோபமோ என்று இன்னும் மூன்று தடவை கத்தினார். மகள்தான் வெளியே வந்தாள்.

“கத்தாதீங்கப்பா. அம்மாவுக்குக் கேக்காது. போன மாசமே நின்னுபோச்சு.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தாள்கள் மடியிலிருந்து நழுவி ஆற்றோடு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, பேச வேறு ஆளில்லாததால் காவலாளியிடம் பேசினார்.

“உங்களுக்கு ட்யூட்டி எப்பங்க முடியும்?”

“மாத்து ஆள் வருவான்னாங்க. உத்தரவு எழுதி அனுப்புறேன்னாங்க.”

“எப்பச் சொன்னாங்க?”

“கோட்டை இடியுறதுக்கு முன்னால.”

அவர் அந்த ஆளை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தார். ஈட்டிக் கம்பைக் கரையான் தின்றிருந்தது. மனிதன் மட்டும் விறைப்பாக நின்றான். அவர் அலுவலக அட்டவணைத் தாள் ஒன்றை எடுத்து, காவலாளிக்கு இன்றோடு பணி முடிந்தது, மாற்று ஆள் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். அவன் இரண்டு முறை படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, லிஃப்ட்டில் இறங்கிப் போனான்.

பிறகு அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆற்றில் இறங்கினார். அக்கரை ஏறியபோது மனைவி அவருடைய வெறுங்கைகளைப் பார்த்து, “ஒண்ணும் எடுத்துட்டு வரலையா?” என்றாள். இல்லையென்று தலையாட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒன்பது வருஷத்துக்குச் சேர்த்துச் சொல்லவேண்டியது. அவளுக்கு எதுவும் கேட்காது. அவள் அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையைக் கரை மண்ணில் அழுத்தி வைத்தாள். அடியில் தண்ணீர் மோதிமோதி ஓடுவது மெல்ல அதிர்ந்தது. “இப்பல்லாம் நான் இப்படித்தான் கேக்குறேன்” என்றாள். அவர் கையை எடுக்கவில்லை. மைத்துனன் கூடாரத்தில் படுக்க வரவேயில்லை. வெளியில் தூங்கும் கலையைப் பற்றிக் கடையில் வாரம் ஒருமுறை பேசுகிறான். கூட்டம் நன்றாகவே வருகிறது.

மறுவருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தாள். குடிதண்ணீர் வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று கேட்டாள். உள்ளேதான் என்றார் வீட்டுக்காரர். குழாயா, கிணறா என்றாள். ஆறு என்றார். அந்தப் பெண் படிவத்தை மேலும் கீழும் பார்த்து, ‘இதர’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, வீட்டில் எத்தனை அறை என்று கேட்டாள்.