இரண்டு விரல் இடைவெளி

செத்துப்போன அம்மா பெரியாயியைக் குளிப்பாட்டி முடித்துக் கோடிச்சேலையைப் பிரித்தபோது, மறைப்புச் சேலைக்கு வெளியே தோட்டத்துத் துரையின் பங்களாச் சமையல்காரர் ரெங்கசாமியின் குரல் கேட்டது.

"பாக்கியம், துரைசாணி ஒன்னைய வரச் சொல்றாங்க. பூனைக்குத் தையல் பிரிக்க மாட்டு டாக்டரு வந்திருக்காரு. வேற ஆளு தொட்டா பிராண்டுதாம்."

"எங்கம்மாவ இன்னும் எடுக்கலையே, மாமா."

"சொன்னேன். அரை மணி நேரந்தானாம்."

பாக்கியத்துக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அரை மணி நேரமாம்! போன வருஷம் அம்மாவின் மார்பில் கட்டி அவள் விரலில் தட்டியது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் தொட்டும் பார்க்காமல் வெள்ளை மாத்திரை கொடுத்தான். பதுளை ஆஸ்பத்திரிக்குத் துண்டுச்சீட்டு எழுதித் தரவில்லை. கட்டி உடைந்து புண்ணானது. அந்தப் பழக்கத்தில்தான், போன மாதம் பங்களாப் பூனையைக் குளிப்பாட்டும்போது அதன் முலைக்காம்பருகே கடலைப்பருப்பளவு தட்டியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்தாள். மறுநாளே பூனைக்குக் கார் கிளம்பியது.

"எங்கம்மாவையும் ஏத்திக்கிறலாமாங்க?" என்று அப்போது கேட்டாள்.

பூனை மிரளும் என்றாள் துரைசாணி.

பதுளையில் பூனைக்கும் புற்று என்றார்கள். அறுத்தார்கள். கட்டுப் போடுவதை டாக்டர் அவளுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்: இறுகினால் வலிக்கும், இரண்டு விரல் உள்ளே போகணும். நல்ல நேரத்தில் கண்டுபிடித்தாய் என்று பாராட்டு வேறு.

"வராட்டி வேல போயிரும் பாக்கியம்" என்றார் ரெங்கசாமி.

"போகட்டும். பூனைக்கு டாக்டரு இருக்காருல்ல? அவரே பிடிச்சுக்கிறட்டும்."

ரெங்கசாமி பங்களாப் பக்கம் போகாமல், பாடை கட்டுகிறவர்களோடு போய் உட்கார்ந்தார்.

அம்மாவின் மார்புப் புண் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. பாக்கியம் பழைய வேட்டியைக் கிழித்தாள்.

"இனிமே எதுக்குடி கட்டு?" என்றாள் கூட நின்று குளிப்பாட்டிய அத்தை.

"புதுச்சேல நனைஞ்சிரும்."

சுற்றி முடிச்சுப் போட்டாள். துணிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். இறுக்கமாக இருந்தது. அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.