ஆணி வைத்த கல்

கல்லறைக் கல் செதுக்கும் அந்தப் பட்டறையில் குறிகளுக்கெல்லாம் சொந்தப் பெயர்கள் உண்டு. காற்புள்ளி வால். கேள்விக்குறி கொக்கி. பிறந்த வருடத்துக்குப் பின் இழுக்கும் கோடு பாலம். முற்றுப்புள்ளிக்குப் பெயர் ஆணி. சவப்பெட்டி மூடியில் கடைசியாக அறைவது அதுதானே என்று சிறு வயதில் அந்தப் பெயரை வைத்ததே பட்டறைக்காரரின் இரண்டு மகள்களில் இளையவள், தங்கைதான். உயிரோடு இருப்பவருக்குப் பாலத்தோடு நிறுத்திவிடுவார்கள். சாவு வருடம் தெரிந்தால், வரி கோணாமலிருக்க ஆணியை முதலில் குறித்துவிட்டுத்தான் எண்களை நிரப்புவார்கள்.

பட்டறையை இப்போது அக்கா நடத்துகிறாள். தங்கை சில வாரமாகப் படுத்த படுக்கை. அவள் கணவன், இதே பட்டறையில் தொழில் கற்றவன், மத்தியானம் வந்து நின்றான்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கல்லு எழுதி வச்சிரலாம்க்கா. முன்கூட்டியே செய்றது நல்லதுன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்வீங்க."

சொல்வதுதான். அக்கா ஒரு கல்லைத் துடைத்து அவன் முன் வைத்தாள்.

சாக்பீஸை எடுத்து அவனே கல்லில் எழுதினான். தன் பெயர், வருடம், பாலம், நிறுத்தினான். கீழே அவள் பெயர், வருடம், பாலம். கொஞ்சம் இடம் விட்டு, கை தன்பாட்டுக்கு ஓர் ஆணியை வைத்தது.

"அவளுக்கு எதுக்கு மாப்பிள்ளை ஆணி?"

"பழக்கதோஷம்." கட்டைவிரலால் தேய்த்தான்.

பழக்கதோஷம் என்றால் அவன் வரியிலும் அல்லவா வந்திருக்க வேண்டும்? 

"இப்ப எப்படியிருக்கா?"

"தூங்குறா. மருந்து குடுத்துட்டுத்தான் வந்தேன்."

அக்கா தங்கையின் போனுக்கு அடித்தாள். மணி அவன் சட்டைப்பையில் ஒலித்தது.

"தூக்கம் கெடுமேன்னு எடுத்துட்டு வந்தேன்," என்றான், சிரித்த முகமாக.

சுத்தியலையும் பெரிய உளியையும் தூக்கிக்கொண்டு அக்கா நடந்தாள். தெருவில் இறங்கியதும் ஓடினாள்.

"நில்லுங்கக்கா." பின்னால் வந்த குரலில் கெஞ்சல் இல்லை.

தங்கை வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. கல்லையே பிளக்கிறவளுக்குப் பூட்டு எம்மாத்திரம்? இரண்டே அடிதான். உள்ளே, கட்டிலிலிருந்து ஒரு கை தொங்கிக் கிடந்தது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு நூலாக ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா கட்டிலுக்கு முன்னால் வந்து நின்றாள். உளியை அவள் கீழே வைக்கவில்லை.