யாருடைய வலது

ரேடியோக்காரருக்குக் கம்பி தெரியும், ஈயப்பற்று தெரியும், வாயடைத்துப்போன எந்த ரேடியோவையும் பேச வைக்கத் தெரியும். தகடு வெட்டுவது மட்டும் சுத்தமாக வராது. அப்பேர்ப்பட்ட மனிதர் மச்சானின் பட்டறையில் அலுமினியத் தகட்டோடு மல்லுக்கட்டினார் என்றால், காரணம் அவர் மனைவி.

கோடையில் அவளுக்குத் தொண்டையில் புற்றுக்கட்டிக்கு அறுவை சிகிச்சை. உயிர் பிழைத்தது, குரல் பிழைக்கவில்லை. வெறும் காற்றாக ஒரு கிசுகிசுப்புதான் மிச்சம். கழுத்து நரம்பும் பட்டதால் இடது கையைத் தூக்க முடியாமல் போயிற்று. அடுத்த தெருவில் இருப்பவரைக்கூட வாசலில் நின்றே கூப்பிட்டவள் அவள். இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் காதில் விழும். இவரோ உட்கார மாட்டார். "இரு, இரு, ஒரு பெட்டி செஞ்சு தர்றேன். வாய்கிட்ட மைக்கு, மேசை மேல பெட்டி. பழையபடி பேசலாம்" என்று எழுந்து போய்விடுவார்.

முதலில் செய்தது பிளாஸ்டிக் பெட்டி. சொந்தக்காரர்கள் வந்திருந்த அன்று அவள் வாயைத் திறந்ததும் அது 'ஙொய்' என்று இரைந்தது. யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றோடு அவள் கிசுகிசுப்பதையும் நிறுத்திவிட்டாள். 'இன்னும் ஒரே தடவை. அதுவும் இரைஞ்சா என்னை விட்டுடுங்க' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினாள். உலோகப் பெட்டிக்குள் வைத்தால் இரைச்சல் அடங்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதை யார் வெட்டுவது?

மச்சான், அதாவது அவள் அண்ணன், இரும்புக் கேட், கிராதி எல்லாம் செய்பவர். "மெஷின் எல்லாம் உங்களுதுதான் மாப்ளே. தகடு உங்களை வெட்டுறதுக்குள்ள நீங்க தகட்டை வெட்டிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

சும்மா சொல்லக்கூடாது, தகடு படாதபாடு படுத்தியது. இறுக்கிப் பிடிக்காமல் துளை போட்டார். தகடு துளைக்கம்பியில் மாட்டிக்கொண்டு விசிறியாகச் சுற்றியது. கையை எடுத்ததால் விரல் தப்பியது. கிரைண்டரில் வெட்டிப் பார்த்தார். அலுமினியம் இளகிச் சாணைக்கல்லில் அப்பிக்கொண்டது. ஜிக்சா ரம்பமோ தகட்டைக் கடகடவென்று அதிரவைத்து, எலி கடித்த மாதிரி விளிம்பைக் குதறியது. கடைசியில் தகட்டை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து இறுக்கி, மண்ணெண்ணெயைச் சொட்டுச்சொட்டாக விட்டு, ரம்பத்தை நிதானமாக ஓட்டினார். கோடு பிசகவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அவருக்குச் சந்தோஷம்.

ஆனால் விஷயம் அது மட்டும் இல்லை. பட்டறை இரைச்சலில் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்கு மறுபடி ஒரு பரிசோதனை எடுத்திருந்தார்கள், முடிவு இன்னும் வரவில்லை. அவள் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று அவருக்கு உள்ளூர நடுக்கம். சொல்லப்போனால் கோடையிலிருந்தே அந்த நடுக்கம்தான்.

"தங்கச்சி என்ன சொல்றா?" என்று டீ குடிக்கும்போது மச்சான் கேட்டார்.

"எங்க பேசுறா?"

"நீங்க போய் உட்காந்தீங்களா?"

ரேடியோக்காரர் துளை மெஷினை ஓடவிட்டார்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு இடம் குறித்தார். அவளுக்கு வலது கைதானே உதவும், எனவே வலது பக்கம். மேசைக்கு அந்தப்பக்கம் அவள், இந்தப்பக்கம் தான் என்று மனதுக்குள் படம் போட்டுப் பார்த்து, பெட்டியின் வலது பக்கவாட்டில் துளை போட்டார். அரத்தால் பிசிறு நீக்கி, விரலை விட்டுத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

வீட்டில், சாப்பாட்டு மேசை மேல், ஸ்பீக்கர் தன்னைப் பார்க்கும்படி பெட்டியை வைத்து எதிரே உட்கார்ந்தார். விசையைத் தட்டினார். துளி இரைச்சல் இல்லை. அவள் முகத்தில்கூட ஒரு சின்ன ஆச்சரியம். மைக்கை வாயருகே பொருத்திக்கொண்டு வலது கையால் பெட்டியின் ஓரத்தைத் தடவினாள். வழவழவென்று தகடுதான் இருந்தது.

"குமிழ் எங்க?" என்றது பெட்டி, மெல்ல.

"உன் வலது பக்கம்தானே வச்சேன்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். குமிழ் அவருடைய வலது கைக்கு நேரே இருந்தது.

"இது உங்க வலது" என்றாள். "சரி, நீங்களே கூட்டுங்க."

அவமானத்தோடு குமிழைத் திருகினார். அவள் மூச்சு அறை முழுக்க நிறைந்தது.

"நான் பெட்டி கேட்டேனா? பக்கத்துல வந்து உட்காருங்கன்னுதானே சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன்!"

சுவரெல்லாம் அதையே சொன்ன மாதிரி இருந்தது. ரேடியோக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தாங்க முடியாமல் குமிழைத் திருகி அணைத்துவிட்டார். அவள் நிறுத்தவில்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

எழுந்தார். நாற்காலியைத் தரையில் கிறீச்சென்று இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவளை ஒட்டி உட்கார்ந்து, காதைக் கொடுத்தார்.

"மறுபடி வந்திருக்குமோன்னு பயமா இருக்குங்க."

ஒன்றும் இருக்காது என்று சொல்ல வாயெடுத்தார். சொல்ல முடியவில்லை.

"எனக்கும்தான்" என்றார்.

அவள் வலது கை அவர் கையைப் பிடித்துக்கொண்டது. "இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நாள்?" என்றாள்.