மாதிரிக் குடை

முந்நூற்று நாற்பது மணி நேரமாக அந்த நகரத்தில் மழை குடைகளுக்குள்ளே மட்டும் பெய்துகொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். நனைத்தவை எல்லாம் கடல் கடந்து வந்த குடைகள்.

இறக்குமதி வரியை எடுத்த வருடம் அவை வந்தன. உள்ளூர்க் குடையின் விலையில் கால் பங்குதான். ஒரே குடையில் மூன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய வீடுகளில் ஆளுக்கொன்று தொங்கியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. வரவழைத்தவன் குடைப் பட்டறைக்காரியின் தம்பி. பட்டறை அப்பா இருவருக்குமாக விட்டுப்போனது. "நாம ஒண்ணு தைக்கிறதுக்குள்ள வெளிநாட்டுக்காரன் நூறு தைக்கிறான்க்கா. பட்டறைய மூடிடலாம். மாதிரிக்கு ஒரு குடை மட்டும் குடு, அச்சு அசலா அப்படியே பண்ணித் தருவான்" என்றான். அக்கா சரி என்றாள். மறுநாள் காலையில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் தையல் மேசைகளை விற்றான், பதினெட்டுப் பெண்களை வீட்டுக்கு அனுப்பினான், பட்டறையைக் கிடங்காக்கினான். அக்காவுக்கு அங்கேயே பெட்டி பிரிக்கும் வேலை போட்டுக் கொடுத்து, சொந்தத்தைக் கைவிடவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டான்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. குடையின் உச்சி முடிச்சை வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். புதிதாக வந்த பெண்கள் கைமறதியாக இடப்பக்கம் சுற்றிவிட்டால் மழைக்கு உள் எது, வெளி எது என்று தெரியாமல் போய்விடும். அதனால் அவிழ்த்துத் திரும்பத் தைப்பார்கள். தம்பி ஒரு குடைகூடத் தைத்ததில்லை. இதெல்லாம் அவனுக்குத் தெரியாது.

அந்த வருடம் மழை தாமதமானது. முதல் கப்பலில் வந்த குடைகள் விற்றுத் தீர்ந்த பிறகுதான் வந்தது. வந்ததும் நேராகக் குடைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நகரம் இரண்டு நாள் திட்டியது, பிறகு பழகிவிட்டது. விரித்த குடையைச் செடிக்கு மேல் கட்டினார்கள், குழந்தைகளை அடியில் நிறுத்திக் குளிப்பாட்டினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்க மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. வேலை போன பெண்கள் தம்பியின் கடை வாசலில் வேண்டுமென்றே நின்றார்கள். "என்ன முதலாளி, கடையிலேயே குளியலா? சோப்பு வாங்கிட்டு வரட்டுமா?"

பதினைந்தாம் நாள் அவன் கிடங்குக்கு வந்தான். விற்ற குடையைத் தானே பிடித்து நடந்தால்தான் ஊர் நம்பும் என்று பிடித்து வந்ததில் சட்டை சொட்டியது.

"மாதிரில இருந்து ஒரு நூல்கூட மாத்தலன்னு சத்தியம் பண்றான்க்கா. பொய் சொல்றான்."

அக்கா பிரித்துக்கொண்டிருந்த பெட்டியை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"அவன் பொய் சொல்லலடா. நீ கேட்ட அன்னிக்கு ராத்திரியே உச்சி முடிச்ச அவுத்து, இடப்பக்கமா சுத்தி வெச்சது நான்தான்."