எழுந்து நிற்கும் மிஸ்

ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் நாளே என் தலை காணாமல் போனது.

தக்காளி விலை ஏறினால் ஜனங்கள் வாங்குவது ஏன் குறைகிறது என்று பொருளாதாரம் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தையல் மிஷின்மேல் லேப்டாப், எதிரே நாற்காலியில் நான். அந்த நேரம் பார்த்து என் மாமனார் மண்வெட்டியை வெளியே சாத்திவிட்டு உள்ளே வந்தார். நான் சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். லேப்டாப் கேமராவுக்கு நிமிர்ந்து பார்க்கத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் என் சேலைக் கொசுவமும் பேனா பிடித்த ஒரு கையும்தான். "மிஸ்ஸோட தலையக் காணோம்" என்று எவனோ மைக்கை அணைக்காமலே சொன்னான்.

கிழக்குப் பாலக்காட்டில் எங்கள் குடும்பங்களில் மாமனார் முன்னால் மருமகள் உட்காருவதில்லை. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள், சாமான் கட்டிக்கொண்டே என் அம்மா சொன்னாள். அவ்வளவுதான். மூன்று வருடத்தில் அது என் உடம்புக்குப் பழகிவிட்டது. அவர் செருப்புச் சத்தம் கேட்டால் முதலில் கால் எழும், பிறகுதான் நான் எழுவேன்.

கல்லூரி நடந்தவரை இது ஒரு தொந்தரவாகவே இல்லை. காலையில் நான் சித்தூர் பஸ்ஸுக்கு ஓடும்போது மாமா தோட்டத்தில் இருப்பார். நான் திரும்பும்போது பால் சொசைட்டிக்குப் போயிருப்பார். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் என் மாமியார் வள்ளியாத்தாள் வழியாகப் போகும். "மருமக சாப்புட்டுச்சான்னு கேளு" என்பார், நான் அதே அறையில் சொம்போடு நின்றுகொண்டிருப்பேன். "சாப்புட்டாச்சுன்னு சொல்லுங்க அத்தை" என்பேன். அத்தை இரண்டையும் யாருக்கும் எடுத்துச் சொல்லமாட்டாள். இரண்டு பேருக்கும் காது இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

கொரோனா வந்து எல்லோரையும் ஒரே கூரைக்குக் கீழே தள்ளியது. என் கணவர் தனபால் மட்டும் கோயமுத்தூரில் பம்ப்செட் கம்பெனிப் பக்கத்து அறையில் மாட்டிக்கொண்டார். கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் மாநில எல்லை, வாளையார் செக்போஸ்ட். பாஸ் இல்லாமல் ஈ எறும்பு தாண்ட முடியாது. இங்கே நானும் அத்தையும் மாமாவும்.

வீட்டில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் முன்கூடத்தில் பக்கவாட்டு ஜன்னலை ஒட்டிய மூலை. அதே ஆசாரத்தில்தான் மாமாவின் ஈசி சேரும் இருந்தது. தக்காளிக் காட்டில் விடியலிலிருந்து குனிந்து நிமிர்ந்துவிட்டு வருவார். கால் கழுவி, மோர் குடித்து, பேன் காற்றில் அந்தச் சேரில் சாய்ந்து பேப்பரை முகத்தில் போட்டுக்கொள்வார். அந்த மனிதருக்கு நாள் முழுக்க இருந்த ஒரே சுகம் அது. சரியாக அந்த நேரத்துக்குத்தான் கல்லூரி எனக்கு வகுப்பைப் போட்டிருந்தது.

அடுத்த நாளும் எழுந்தேன். அதற்கடுத்த நாள் சிவப்பிரகாஷ் என்ற வாலு, "மிஸ், அங்க யாராச்சும் தேசிய கீதம் போட்டுட்டாங்களா?" என்று கேட்டான். மொத்த வகுப்பும் சிரித்தது. ஹெட்போனைச் செருக மறந்திருந்தேன், சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்டது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன், வேறென்ன செய்ய. அப்போது மாமாவின் ஒரு கால் நிலைப்படிக்கு உள்ளே இருந்தது. அவர் அந்தக் காலை வெளியே எடுத்து, வந்த வழியே போனார். எதையோ மறந்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தேன்.

அன்றோடு அவர் ஆசாரத்துக்கு வருவது நின்றுபோனது.

முதலில் நிம்மதியாக இருந்தது, பொய் சொல்வானேன். பிறகு ஈசி சேரைப் பார்க்கப் பார்க்கச் சங்கடமாக வந்தது. பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்தது. மாமா எங்கே என்று அத்தையிடம் கேட்டால், தோட்டத்தில் மோட்டார் ரூமில் படுத்திருப்பார் என்றாள். ஒருநாள் அவளே சொன்னாள்: "பாடம் முடியற வரைக்கும் பேனு அவருக்கு வேண்டாமாம்." சொன்னவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் என்று முடிவு செய்துகொண்டேன். அவர் வீட்டு ஆசாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிற மருமகளை எந்த மாமனார் பொறுப்பார்? வாய்விட்டுத் திட்டாத மனிதர், காலை வெளியே எடுத்துக்கொண்டார். அவரை அவருடைய வீட்டை விட்டே துரத்திவிட்டேன்.

தனபாலுக்கு போன் செய்து அழுதேன். "மாமாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்க" என்றேன். அப்பாவிடம் எப்படி அதையெல்லாம் பேசுவது என்றார் அவர். பம்ப்செட்டில் தண்ணீர் ஏறவில்லை என்றால் விடிய விடியப் பேசுவார்கள் இரண்டு பேரும்.

சரி, இடத்தையாவது விட்டுக்கொடுப்போம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தேவை விதியில் பாதி சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. மொட்டை மாடியில் சிக்னல் வந்தது, கூடவே ஆனிச் சாரலும் வந்தது. தோற்றுப்போய்ப் பழைய மூலைக்கே திரும்பினேன். காலி சேரைப் பார்த்தபடி பாடம் எடுத்தேன். என் பாடத்தில் உப்புச் சப்பே இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அப்படி ஒரு நாள், அன்னாள் மைக்கைத் திறந்தாள். அன்னாள் சின்னக்கானல் மலையிலிருந்து வந்து எங்கள் கல்லூரி ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண், எஸ்டேட் தொழிலாளி மகள். ஊரடங்கில் வீடு திரும்பிவிட்டாள். அங்கே தேயிலைக் காட்டு ஓரத்தில் ஒரு பாறைப் பக்கம்தான் அவளுக்கு நெட் கிடைக்கும். அவள் பேசுவதே அபூர்வம், பேசினால் பாதி காற்றுச் சத்தம்.

"மிஸ், நெட்டு போறதுக்குள்ள ஒண்ணு சொல்லிருதேன். உங்களுக்குப் பின்னாடி சன்னல் தெரியுதுல்லா, அதுல ஒரு தாத்தா நெதமும் உக்காந்திருக்காக. மழை பேஞ்சாலும் சாக்கத் தலையில போட்டுக்கிட்டு அங்கனயே இருக்காக. கிளாஸ் முடியவும் எந்திரிச்சுப் போயிருதாக." கொஞ்சம் நிறுத்தினாள். "அவகளுக்கு உள்ள வர எடமில்லையா மிஸ்?"

வகுப்பில் இன்னொருத்தி, கிருத்திகா, மெதுவாக, "ஆமாங்க மிஸ், நாங்க எல்லாரும் தெனமும் பாக்கறோம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே, மாடு கட்டும் கட்டுத்தரையின் ஓட்டு விளிம்புக்குக் கீழே, உர மூட்டைச் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கவிழ்த்த கூடைமேல் மாமா உட்கார்ந்திருந்தார். சாரல் அவர் முழங்கால்வரை நனைத்திருந்தது. மோட்டார் ரூமும் இல்லை, ஒன்றும் இல்லை. இத்தனை நாளும் என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறார். நான் பார்க்காததை, எங்கேயோ மலைமேல் பாறையோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பார்த்திருக்கிறாள்.

இருங்கள், வருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். குடை எடுக்கத் தோன்றவில்லை. அத்தையைக் கூப்பிடவும் தோன்றவில்லை. கட்டுத்தரைக்குப் போய் நின்றபிறகுதான், என் பேச்சை எடுத்துச் செல்ல நடுவில் ஆளில்லை என்று உறைத்தது. மாமா என்னைக் கண்டதும் கூடையை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"மழைல எதுக்குங்க மாமா இங்க உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க."

அவரிடம் நான் நேராகச் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். அவருக்கும் திக்கென்றிருக்க வேண்டும். பதில் சொல்ல அத்தையைத் தேடினார். அத்தை இல்லாததால் பக்கத்தில் நின்ற செவலைப் பசுவைப் பார்த்துச் சொன்னார்.

"நான் உள்ள போனா டீச்சர் எந்திரிச்சு நிக்குது. புள்ளைக சிரிக்குதுக. நாந்தான் என் ரண்டு காதுல கேட்டனல்லோ. என்னால எதுக்கு எம்மருமகளப் பாத்து ஊருப் புள்ளைக சிரிக்கோணும், நீயே சொல்லு."

பசு தலையாட்டிக்கொண்டு வைக்கோலை இழுத்தது. கோபம் என்று நான் சோறு இறங்காமல் கிடந்த நாளெல்லாம் இந்த மனிதர் எனக்காக நனைந்துகொண்டிருந்திருக்கிறார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்துக்கு அளவே இல்லை. பெற்ற அப்பாவிடம்கூட நான் இப்படி உணர்ந்ததில்லை.

"அவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க மாமா" என்றேன், நானும் பாதி பசுவைப் பார்த்துத்தான். "அந்தச் சேரு சும்மாக் கெடக்கறது எனக்குப் பொறுக்கலீங்க. நீங்க உள்ள வந்தாத்தான் எனக்குப் பாடமே வரும்."

அவர் சாக்கை உதறினார். கால் கழுவிவிட்டு முன்வாசல் வழியாக வந்தார்.

உள்ளே வந்து இன்னொரு வம்பு. அவர் ஈசி சேருக்குப் பக்கத்தில் நின்றார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். நான் நிற்பதால் அவர் உட்காரவில்லை, அவர் நிற்பதால் எனக்கு உட்கார வரவில்லை. உட்காரவேண்டும் என்று மனசு ஆயிரம் சொன்னாலும் முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. லேப்டாப்பில் பிள்ளைகள் என் கொசுவத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. சமையலறை வாசலில் அத்தை கரண்டியோடு வந்து நின்றாள். மாமா அவளைப் பார்த்தார். "மருமகள உக்காரச் சொல்லு" என்று வழக்கம்போல வரப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் அத்தையிடமிருந்து பார்வையை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"உக்காரு அம்மிணி. நீ உக்காந்தாத்தான் நான் உக்கார முடியும்."

உட்கார்ந்தேன். லேப்டாப்புக்கு அந்தப் பக்கம் ஈசி சேரின் கட்டை கிறீச்சிட்டது, பேன் சுற்றியது, பேப்பர் பிரியும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க விட்டோம்?" என்றேன். "தக்காளியில மிஸ்" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

அதற்குப் பிறகும் முதல் சில நாள் என் கால் என்னைக் கேட்காமல் எழப் பார்த்தது. பேப்பருக்கு அடியிலிருந்து ஒரு செருமல் வரும், உட்கார்ந்துவிடுவேன். மற்ற நேரங்களில் பழைய வழக்கம்தான். சாப்பிடும்போது நான் நின்றேன், "மருமக சாப்புட்டுச்சான்னு கேளு" என்று அவர் அத்தையிடம் கேட்டார். ஆனால் வகுப்பு நடக்கும் நேரம் மட்டும் அந்த ஆசாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

ஆடி பிறந்தபிறகு தனபாலுக்குப் பாஸ் கிடைத்தது. வாளையாரில் வரிசையில் நின்று, பேர் எழுதிக்கொடுத்து, குவாரண்டைன் முடியும்வரை மோட்டார் ரூமில் தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்து சேர்ந்தார். மாஸ்க்கும் பையுமாக வாசலுக்கு வெளியே நின்று, அம்மா என்று கூப்பிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட குரல். என் கால் எழப் போனது.

மாமா பேப்பரை விலக்கி, மகனைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாத. டீச்சர் பாடம் எடுக்குது. சுத்திக் கட்டுத்தரப் பக்கமாப் போ."

தனபால் அப்படியே நின்றார். சேரில் சாய்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். மறுபடியும் அப்பாவைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, சாரலில் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

நான் அன்றைய பாடத்தைத் தொடர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அன்னாளின் மைக்கில் காற்றுச் சத்தம் கேட்டது.

"மிஸ், சன்னல்ல இப்ப வேற ஒருத்தர் நின்னு உங்களையே பாத்துக்கிட்டிருக்காக."

"தெரியும்" என்றேன். பேப்பருக்கு அடியில் மாமா சிரிக்கும் சத்தம் கேட்டது.